புளியந்தீவில் ஒரு போடிங் வீடு

வெள்ளி

உதயதேவி ரயில் கொழும்புக் கோட்டையை விட்டு வெளிக்கிடும்போது காற்று குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மாகோ தாண்டியதும் வெயில் ஏறியது. கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைத் தண்டவாளம் பிரிகிற இடத்தில் பெட்டிக்குள் இருக்க முடியவில்லை. ஆனி மாதத்தில் கிழக்குக்குப் போகாதே என்று சொன்னவர்கள் பலர். அங்கே இப்போது கச்சான் காற்றுக் காலம். தெற்கு, மேற்குப் பக்கமெல்லாம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வெறும் சூட்டோடு வருகிற காற்று அது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்தபோது தண்ணீரைவிட மணல்தான் கூடத் தெரிந்தது. புணானைக் காட்டில் யானை நிற்கும் என்று எதிர் ஆசனத்துச் சிறுமி ஜன்னல் கம்பியை விடவேயில்லை. யானை வரவில்லை. வாழைச்சேனை வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பு முடியாமல் கிடக்கிறது. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கு மேல்மாடிக்காரர் வீடு திருத்துகிறார். காலை எட்டுக்கு மாபிள் வெட்டத் தொடங்கினால் பின்னேரம்வரை ஓயாது. ஒரு சிநேகிதி சொன்னாள்: “மட்டக்களப்பில ஒரு வீடு இருக்கு. எழுதுற ஆக்கள் போய் நிக்கிற வீடு. ஆனா ஹோட்டல் எண்டு நினைச்சுப் போகாதை.”

ஸ்டேஷனில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். பாலம் கடந்தால் புளியந்தீவு. மட்டக்களப்பின் பழைய நகரம் முழுவதும் வாவிக்கு நடுவே இந்தச் சின்னத் தீவில்தான் உட்கார்ந்திருக்கிறது: கோட்டை, பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், கோயில்கள் எல்லாம். வீட்டின் பெயரையோ வீதியையோ இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுக்கார அன்ரியின் வேண்டுகோள் அது. காரணம் பின்னால் வருகிறது.

ஓட்டுக் கூரை, தடித்த சுவர், முன்னால் நீள விறாந்தை, அதில் இரண்டு சாய்மனைக் கதிரை. பின்னால் முற்றம், கிணறு, ஒரு பெரிய மாமரம். முற்றம் முடிகிற இடத்தில் வாவி. விருந்தாளிகளின் அறைகள் விறாந்தையை ஒட்டி இருக்கின்றன. பெயர்ப்பலகை இல்லை. எந்த எழுத்தாளரின் படமும் சுவரில் இல்லை. இருந்த ஒரே படம் ஒரு வயதான அம்மாவுடையது. வெள்ளைச் சேலை, கழுத்தில் ஒன்றுமில்லை, படம் எடுக்கிறவரை நம்பாத பார்வை.

“வாங்க மகள். முதல்ல குளிங்க, மறுகா கதைப்பம்” என்றார் அன்ரி. அதோடு உள்ளே போய்விட்டார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டிலும் கேட்கவில்லை.

அறையில் மேசை சுவரைப் பார்த்துக் கிடந்தது. ஜன்னலோ வாவியைப் பார்த்து இருக்கிறது. அதை நகர்த்தலாமா என்று கேட்டேன். “எல்லாரும் இத இழுத்து ஜன்னலுக்கிட்ட போடுற. இழுத்தா எழுதின இல்ல. வாவியப் பாத்துக்கொண்டு இரிப்பாங்க” என்றார். வாவி பார்ப்பதற்கு விறாந்தை, எழுதுவதற்குச் சுவர் என்பது இந்த வீட்டின் முடிவு. சரி, மேசை அங்கேயே இருக்கட்டும்.

சனி

காலைச் சாப்பாடு ஏழரைக்கு. எட்டரைக்கு மேசையைத் துடைத்துவிடுவார்கள். பிந்தி எழும்பினால் ஊரில் சாப்பாட்டுக் கடை நிறைய இருக்கிறது என்பது அன்ரியின் பதில். இன்று குரக்கன் பிட்டு, மீன் சொதி, இடித்த சம்பல், அதன் மேல் சட்டித் தயிர். எருமைத் தயிர். கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டிய இறுக்கம். கொழும்பில் சுப்பர்மார்க்கெட்டில் நான் வாங்குவதையும் தயிர் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன்.

மேசையில் இன்னொருவர் இருந்தார். அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிபர், கவிஞர். எல்லாரும் அவரைச் சேர் என்றே கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் இதே காலத்தில் வருவாராம். “வீட்ட பேரப்பிள்ளைகள். என்னக் கண்டா கொப்பியில படம் கீறித் தரச் சொல்லுவாங்க” என்றார். அவருக்கென்று ஏறாவூரிலிருந்து இறைச்சி வரும், சட்டியும் வேறு. இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அன்ரியின் அம்மா காலத்திலிருந்தே முஸ்லிம் ஆசிரியர்கள் இங்கே நின்றிருக்கிறார்கள், சட்டிகளும் அந்தக் காலத்தவை.

மத்தியானம் வரை எழுதினேன். பிறகு சூடு தாங்காமல் விறாந்தைக்கு வந்தேன். அன்ரி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். மெல்லக் கதை எடுத்தேன்.

வீடு அன்ரியின் அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்தது. சுவரில் இருக்கிற அம்மா அவர்தான். கணவர் படுவான்கரையில் வயல் செய்தவர். வாவிக்கு இந்தப் பக்கம் சூரியன் எழுவதால் எழுவான்கரை, அந்தப் பக்கம் சூரியன் படுவதால் படுவான்கரை. வட்டையில், அதாவது வயல்வெளியில், அவருக்குக் காய்ச்சல் வந்து, அங்கேயே போய்விட்டார். சின்னப் பிள்ளைகளோடு நின்ற அம்மம்மா முன்னறைகளை வாடகைக்கு விட்டார். ஆட்களுக்குக் குறைவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814-இல் தொடங்கியது, புனித மிக்கேல் கல்லூரி 1873-இல். இரண்டும் நடந்துபோகிற தூரம். யாழ்ப்பாணத்திலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் மாற்றலாகி வந்த ஆசிரியர்களுக்குத் தங்க இடமும் சோறும் வேண்டும். அந்த ஆசிரியர்களில் சிலர் கவிதை எழுதினார்கள், சிலர் நாடகம் போட்டார்கள். அவர்களைத் தேடி இன்னும் நாலு பேர் வந்தார்கள். “எழுத்தாளர் வீடு” என்று யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. போடிங் வீடு அது. வந்தவர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான்.

அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து அன்ரிக்கு. இனி மகளுக்கு. மூன்று தலைமுறையிலும் ஆண்கள் யாரும் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குச் சீதன வீடு புதிதல்ல. ஆனால் இங்கே குடி என்கிற வம்சப் பிரிவே தாய்வழியாகத்தான் வருகிறது. தாய் எந்தக் குடியோ பிள்ளை அந்தக் குடி. கோயில் உரிமையும் குடிப்படி. கலியாணம் கட்டிய ஆண் மனைவி வீட்டுக்கு வந்து சேருவான். கரையோரம் முழுக்கத் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. சேரின் வீடும் அவருடைய மனைவியின் சீதனம்தான். கேட்டேன். சிரித்தார்.

அன்ரியின் அம்மாவைக் கட்டியவரும் இங்கே போடிங்கில் நின்ற ஓர் ஆசிரியர். பருத்தித்துறைக்காரர். இரண்டு வருட மாற்றலில் வந்தவர். திரும்பிப் போகவேயில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், மந்திரம் செய்வார்கள் என்று. என் பெரியம்மா இன்றும் இதை நம்புகிறார். பயணம் சொல்லப் போனபோது எனக்கே எச்சரிக்கை கிடைத்தது. அன்ரியிடம் தயக்கத்தோடு இதைச் சொன்னேன்.

முருங்கைக்காய் வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்: “நாங்க ஒட்டல்ல மகள். அவங்கதான் எழும்பல்ல.”

ஞாயிறு

வருகைப் புத்தகம் இருக்கிறதா என்று காலையில் கேட்டேன். பழைய வீடுகளில் அது இருக்கும். “இனிய உபசரிப்பு, மறக்க முடியாத நாட்கள்” என்று ஆளாளுக்கு எழுதி வைத்திருப்பார்கள். அன்ரி அலுமாரியைத் திறந்து ஒரு கட்டுச் சீஆர் கொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். வாழ்த்து ஒன்றும் இல்லை. பெயர், ஊர், வந்த திகதி, போன திகதி, தந்தது, பாக்கி. மூன்று பெண்களின் கையெழுத்தில் கணக்குக் கொப்பிகள்.

நான் அந்தப் பாக்கி நிரலில் விழுந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு வரை எழும்பவில்லை. பாடப்புத்தகத்தில் படித்த ஒருவருக்கு இரண்டு மாதச் சோற்றுக் காசு பாக்கி. ஒரு முற்போக்குக் கவிஞரின் பெயருக்கு நேரே “சுருட்டுக் காசும்” என்று தனியாக ஒரு வரி. நாடகக்காரர் ஒருவர் காசுக்குப் பதிலாக ஒரு மேசை மணிக்கூட்டைக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் “ஓடாது” என்று குறிப்பு. ஈழத்து இலக்கிய வரலாறு என்று நாங்கள் கட்டுரை எழுதுகிறோம். அதற்கு யார் அரிசி வாங்கினார்கள் என்பது அந்தக் கட்டுரைகளில் இல்லை. இந்தக் கொப்பிகளில் இருக்கிறது. தன் பாக்கியைத் தீர்க்காமல் போனவரின் நினைவுமலருக்குச் சந்தா கேட்டு இதே வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அன்ரியின் அம்மா கொடுத்தும் இருக்கிறார்.

பெயர்களைப் போட வேண்டாம் என்று அன்ரி சொன்னது இதனால்தான். “அவங்கட பிள்ளைகள் நல்லா இரிக்காங்க. என்னத்துக்கு?”

வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டாம்: எஸ்.பொ. இங்கே நின்றவரா? எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை யாழ்ப்பாணத்தில் பிறந்து மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் அந்தக் கேள்வி. நிற்கவில்லை. “நிண்டவர் எண்டு சொன்னா அறை நிரம்பும். ஆனா கொப்பியில இல்ல” என்றார் அங்கிள். அன்ரியின் கணவர். கன்னன்குடாக்காரர், கூத்துக் குடும்பம். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டுவார். அதைத் தவிர அதிகம் பேசமாட்டார்.

ஒரு கொப்பி மட்டும் பழுப்பு நிறத்தில் விறைத்திருந்தது. 1978 கொப்பி. அந்த வருடம் நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. மட்டக்களப்புக்காரர் எவரிடமும் அந்த ஒரு இரவைப் பற்றிக் கேட்டால் போதும், பிறகு நீங்கள் பேசத் தேவையில்லை. அன்ரி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. ஓடுகள் பறந்தன. எல்லாரும் சாமியறையில் பெரிய மேசைக்குக் கீழே இருந்தார்கள். விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை. முன்னறையில் நின்ற ஆசிரியர் ஒருவர் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதி தகரப் பெட்டிக்குள், பெட்டி தண்ணீருக்குள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்துவிட்டாராம். வீட்டில் சமைக்க அடுப்பில்லை, கூரையில்லை. அந்த நிலைமையிலும் அம்மாவும் அன்ரியும் தாள் தாளாகப் பிரித்து, முற்றத்தில் கொடி கட்டி, உடுப்புக் கொழுவுகிற கிளிப் போட்டுக் காயவைத்தார்கள். காற்று வந்தால் ஓடிப் பிடிக்க வேண்டும். பக்க எண் அழிந்துபோனவற்றை அன்ரி வாசித்து வாசித்து வரிசைப்படுத்தினார்.

“கதை எப்படி?” என்று கேட்டேன்.

“ஒரே அழுகை. எல்லாரும் சாகிற.”

நாவல் வெளிவரவில்லை. மனிதர் மாற்றலாகிப் போனார். பாக்கி மட்டும் தீர்த்திருக்கிறார், சதக் கணக்கில்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குப் பாரிஸில் உள்ள ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி புத்தகக் கடையின் ஞாபகம் வந்தது. ஜோர்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர் 1951-இல் தொடங்கியது. இப்போது மகள் சில்வியா நடத்துகிறார். எழுத்தாளர்கள் புத்தக அலுமாரிகளுக்கு நடுவே காசில்லாமல் படுக்கலாம். நாளுக்கொரு புத்தகம் வாசிக்க வேண்டும், கடையில் கொஞ்ச நேரம் வேலை செய்ய வேண்டும், தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், இவைதான் நிபந்தனை. உலகப் புகழ் பெற்ற இடம். அன்ரிக்கு இதை விளக்கினேன்.

“காசு வாங்கிறல்லயா? அப்ப அரிசி ஆர் வாங்கிற?”

“புத்தகம் விற்கிற காசில், அன்ரி.”

“அதானே” என்றார்.

ஞாயிறு இரவு

நிலவு நிறைந்துவிட்டது. நாளை போயா. சேர்தான் ஏற்பாடு செய்தார். கல்லடிப் பாலத்தடியிலிருந்து தோணியில் போய்ப் பாடும் மீன் கேட்பது. மீன்பாடும் தேனாடு என்று ஊரின் பெயர்ப்பலகை தொடக்கம் பாண் கடை வரை மீன்கள் வரைந்திருக்கிறார்கள். கேட்காமல் போனால் கொழும்பில் என்னை விடமாட்டார்கள்.

வெள்ளைக்காரர் காலத்திலேயே இதற்குக் கூட்டம் வந்தது. குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848-இல் இந்த வாவியில் தோணியில் போய்க் கேட்டார். ஈர விரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற ஒலி என்று எழுதினார். சுவாரசியம் என்னவென்றால், அவருக்கு வழிகாட்டிய இவ்வூர் மீனவர்கள் அது மீனின் சத்தம் என்று சொல்லவில்லை. அடியில் கிடக்கிற ஊரிகள், ஓட்டுக்குள் வாழ்கிற நத்தை வகை, என்றார்கள். ஊரிகளைப் பிடித்தும் காட்டினார்கள். மீன் எப்படி அவற்றை முந்திக்கொண்டது தெரியவில்லை. நகரசபை முத்திரையில் ஊரி அழகாக இருந்திருக்காது என்பது சேரின் கருத்து. பிறகு 1950-களில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க யேசு சபைக் குருமார் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தார்கள்.

பழைய பாலம் 1924-இல் கட்டியது. ஒடுக்கமான இரும்புப் பாலம். அதற்குப் பக்கத்தில் இப்போது அகலமான புதுப் பாலம் இருக்கிறது. கேட்பதற்குச் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை நல்ல காலம். நீரோட்டம் அடங்க வேண்டும், நிலவு வேண்டும், சத்தம் இருக்கக்கூடாது. கடைசி நிபந்தனைதான் சிக்கல். புதுப் பாலத்தில் பஸ்ஸும் மோட்டார்சைக்கிளும் ஓயவில்லை. தோணிக்காரத் தம்பி துடுப்பை நெட்டாகத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். வைத்தேன். முதலில் பாலத்து லொறி கேட்டது. ஒரு இடைவெளியில், வெகு கீழே, ஒரு கம்பியைத் தட்டிவிட்டு விட்டதுபோல ஒரு நீண்ட ம்ம்ம். நின்றது. திரும்ப வந்தது, இந்த முறை வேறொரு சுருதியில் இன்னொன்றும் சேர்ந்து.

சேரிடம் துடுப்பைக் கொடுத்தேன். நெடுநேரம் வைத்திருந்தார். “மீனோ ஊரியோ, ரெண்டு பேர் இரிக்காங்க” என்றார்.

நான் எதிர்பார்த்தது இசை. வந்தது அதைவிடச் சின்னது, ஆனால் வந்தது. படம் பிடிக்க முடியாத ஒன்றை ஒரு ஊர் தன் அடையாளமாக வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அன்ரியை ஏன் வரவில்லை என்று கேட்டேன். பால் வாங்கி வைக்க ஆள் வேண்டாமா என்றார்.

திங்கள்

எழுதினேன். சுவர் வேலை செய்கிறது. பின்னேரம் பாலைப்பழம் வாங்கி வந்து தின்றதில் உதடு ஒட்டிக்கொண்டது.

செவ்வாய்

எழுத்திலிருந்து ஒருநாள் விடுப்பு. கல்லடிக்கு நடந்தேன். சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. கல்லில் அவருடைய பாடல். உள்ளக் கமலத்தைத் தவிர வேறெந்தப் பூவும் இறைவனுக்கு வேண்டாம் என்கிற, எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்த பாடல். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழர் யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் இறந்தார். இந்த வாவியின் ஒலியையும் அவர் விட்டுவைக்கவில்லை. நீரரமகளிர் பாடுவதாக ஒரு பாட்டாக்கியிருக்கிறார்.

கொப்பிகள் என் தலைக்குள் இருந்ததால் இன்னொன்றும் நினைவு வந்தது. யாழ் நூல் வேலையில் பெரும்பகுதியை அவர் புதுக்கோட்டையில் சிதம்பரம் செட்டியாரின் வளமனையில் தங்கித்தான் செய்தார். செட்டியாரின் பெயர் நூல் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்த வளமனையில் யார் சமைத்தார்கள் என்று யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம். சுனாமியில் அடிவாங்கிய திருச்செந்தூர் முருகன் கோயிலின் பழைய கோபுரம் சரிந்தபடியே நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியும் நாவலடியும் இழந்தவர்களைப் பற்றிப் பயணக் கட்டுரையில் ஒரு பந்தி எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

கல்முனை பஸ் எடுத்தேன். அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு வரை போக வேண்டும், விபுலாநந்தர் 1892-இல் பிறந்த ஊர். காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்ச மரங்கள், ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கவிஞர் நீலாவணனின் பெரியநீலாவணை, பிறகு மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும். எல்லை எங்கே என்று பஸ்ஸில் இருந்து சொல்ல முடியாது, கோயிலும் பள்ளிவாசலும்தான் சொல்லும். காரைதீவில் சுவாமிக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிச் சடங்கும் குளிர்த்தியும் முடிந்து ஆரவாரம் அடங்கிய நேரம். திரும்பும் வழியில் மருதமுனையில் இறங்கிக் கைத்தறிச் சாரம் ஒன்று அப்பாவுக்கு வாங்கினேன். தறிக்காரர் விலையில் ஒரு சதம் குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லிக் கேட்டதும் சரியில்லைதான், அந்த நெசவைப் பார்த்த பிறகு.

புதன்

கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் 1628-இல் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தது. வாசலில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள் இயங்கியதால் இலங்கையில் அதிகம் பேர் கால்கடுக்க நின்ற கோட்டை இதுவாகத்தான் இருக்கும். வெயில் கொளுத்தியது. கெதியாகத் திரும்பிவிட்டேன்.

வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மகள், நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், வங்கியில் வேலை. வீடு அவருக்குத்தான் வரப்போகிறது. அவருக்குத் திட்டங்கள் இருக்கின்றன. அறைகளுக்கு ஏசி, இணையத்தில் பதிவு, வாவிப் பக்கம் ஒரு மரத்தளம், சுவரில் இங்கே தங்கிய எழுத்தாளர்களின் படங்கள், கொப்பிகளில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில். அன்ரிக்கு ஏசி சம்மதம். படங்களுக்குச் சம்மதமில்லை.

“அம்மா, வெளிநாட்டில இதுக்குத்தான் காசு குடுப்பாங்க.”

“அவங்கட படத்த மாட்டினா பாக்கியையும் கீழ எழுது.”

நான் ஒதுங்கிப் போக முயன்றேன், விடவில்லை. எழுதுகிற ஆள், நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு மகளின் பக்கம்தான் நியாயம் கூட இருப்பதாகப் பட்டது. சொன்னேன். ஓடு மாற்றக் காசு வேண்டும். போர்க்காலம் முழுவதும் செய்தியாளர்களும், சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்காரரும் நின்று இந்த வீட்டைத் தாங்கியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் இப்போது இல்லை. எழுத்தாளர்களை நம்பி எந்த வீடும் நிற்காது, கொப்பியே அதற்குச் சாட்சி. காலை நாலரைக்கு எழும்பிப் பிட்டு அவிக்கிற வேலையை வங்கிக்குப் போகிற பெண் ஏன் பழைய வாடகைக்குச் செய்ய வேண்டும்? பழைய வீடு அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கிழமை நின்றுவிட்டுப் போகிற என்னைப் போன்ற ஆட்கள்தான்.

படம் மாட்டுவதானால் ஒன்றுதான் எனக்கு வேண்டுகோள். சுவரில் ஏற்கெனவே இருக்கிற படம் நடுவில் இருக்கட்டும், மற்றவர்களைச் சுற்றிவரப் போடுங்கள் என்றேன். தங்கச்சிக்கு அது பிடித்துவிட்டது. அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. அங்கிள் மேசையில் தாளம் தட்டினார், சம்மதமோ இல்லையோ யாருக்குத் தெரியும்.

ஏசி வந்தாலும் மேசை சுவரைப் பார்த்தே இருக்குமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். “அது மாறாது அக்கா. நானும் அந்த மேசையிலதான் வங்கிப் பரீட்சைக்குப் படிச்ச” என்றார்.

இரவு சேர் ஒரு கவிதை வாசித்தார். ஊரி பற்றியது. நன்றாகவே இருந்தது, கடைசி இரண்டு வரி தேவையில்லை. சொன்னேன். அவர் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், பிறகு பேனையை எடுத்து வெட்டினார்.

வியாழன்

தொகுப்பு முடியவில்லை. முடியாமல் கிடந்த நீளமான கதை முடிந்தது, இன்னொன்று குப்பைக்குப் போனது. அதுவும் முன்னேற்றம்தான்.

காலையில் கணக்குப் பார்த்தோம். அன்ரி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு புதுக் கொப்பியைத் திறந்தார். ஒவ்வொரு தேத்தண்ணியும் எழுதியிருந்தது. தோணிக் கூலியில் என் பங்கும் இருந்தது. தந்தது நிரலில் முழுத் தொகை. பாக்கி நிரலில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்க்க எனக்கு வந்த பெருமை, புத்தகம் அச்சாகி வந்தபோதுகூட வந்ததில்லை.

போக விரும்புகிறவர்கள் தனியாகக் கேட்டால் தொலைபேசி எண் தருகிறேன். அன்ரி அதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்ந்தது, மற்ற வேளைக்கு முதல்நாளே சொல்ல வேண்டும். மீன் சாப்பிடாதவர்கள் அதையும் சொல்லுங்கள். ஆனி ஆடியில் போனால் மெல்லிய பருத்தி உடுப்பு. குடிவகை கூடாது. ஆசிரியர், ஆய்வு மாணவர், வங்கிக்காரர், எந்தத் தொழிலைச் சொன்னாலும் அறை தருவார்கள். எழுத்தாளர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முன்பணம் கேட்பார்கள்.